லாம்டன் கருவி முதல் ஹீலியோஸ் லென்ஸ் வரை: ரிப்பேர்க்காரர்கள் பற்றி ஒரு குறிப்பு

1808-ல் தஞ்சாவூர் பெரிய கோயில்ல ஒரு விபத்து நடந்தது. வில்லியம் லாம்டன் தன்னோட நில அளவைக்காக அரை டன் எடையுள்ள பெரிய தியோடலைட்டைக் கயிறு கட்டி விமானத்து மேல ஏத்திக்கிட்டிருந்தார். நம்ம பக்கத்துச் சமவெளியில குன்றுகள் குறைவு, பனையும் தென்னையும் வேற பார்வையை மறைக்கும். அதனால கோயில் கோபுரங்களைத்தான் அளவை நிலையமா வச்சுக்கிட்டார். ஒரு கயிறு அறுந்தது. கருவி வீசிப் போய்ச் சுவர்ல மோதி, 36 அங்குல விட்டமுள்ள அதோட பெரிய வட்டம் நெளிஞ்சு போச்சு.

அந்தக் கருவி மதராசுக்கு வந்த கதையே சுத்தி வளைச்சதுதான். லண்டன்ல வில்லியம் கேரி செஞ்சது. வர்ற வழியில பிரெஞ்சுக்காரங்க கப்பலைப் பிடிச்சு, கருவியை மொரிஷியஸ்ல இறக்கி, அப்புறம் மரியாதையா மதராசுக்கு அனுப்பி வச்சாங்க. 1802-ல பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளக்கப் பயன்பட்ட எஃகுச் சங்கிலி இன்னும் சுவாரஸ்யம். மெக்கார்ட்னி தூதுக்குழு 1793-ல சீனச் சக்கரவர்த்திக்குக் கொண்டுபோய், அங்க வேண்டாம்னு திரும்பி வந்த சாமான் அது. குழுவோட போன டின்விடி அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தார், அவர்கிட்ட இருந்துதான் லாம்டனுக்குக் கிடைச்சது. நம்ம ஊர்ப் பேச்சுல சொன்னா செகண்ட் ஹேண்ட்.

நெளிஞ்ச வட்டத்தை என்ன செஞ்சாங்க? எவரெஸ்ட் எழுதி வச்சிருக்கார். லாம்டன் கருவியைத் திருச்சிக்குக் கொண்டுபோய், கூடாரத்துக்குள்ள வச்சுப் பிரிச்சு, பெரிய பலகையில சரியான அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நெளிஞ்ச விளிம்பை ஆப்பும் திருகும் கப்பியும் வச்சுக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துச் சரி பண்ணினாராம். ஆறு வாரம் ஆச்சாம். எவரெஸ்ட் அளவையில சேர்ந்ததே 1818-லதான், நேர்ல பாத்தவர் இல்லை. அதனால கதையில கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். எனக்கு உறுத்துறது வேற. கூடாரத்துக்குள்ள லாம்டனோட உழைச்ச தலைமைக் கைவினைஞர்கள் யாரு? அவங்க பேரு அந்தக் கதையில இல்லை.

இந்தக் கேள்வியை எனக்குள்ள கிளப்பினது ஒரு கேமரா லென்ஸ். மதுரையில விளக்குத்தூண் பக்கம் ஒரு பழைய சாமான் வியாபாரிகிட்ட 2,800 ரூபாய்க்கு ஒரு ஹீலியோஸ் 44-2 வாங்கினேன். (1858-ல லின்னேயஸ் டிரைப் படமெடுத்துட்டுப் போன அதே பிளாக்பர்ன் விளக்குத்தூண்தான்.) மூடிப் போன ஏதோ ஒரு ஸ்டூடியோவோட சாமான்னு சொன்னார். சீரியல் நம்பர் 76-ல ஆரம்பிக்குது. சோவியத் லென்ஸ்கள்ல பொதுவா முதல் ரெண்டு இலக்கம் தயாரிச்ச வருஷம். பட்டகத்துக்குள்ள ஒளி பாயுற முத்திரை இருக்கு, அப்படின்னா மாஸ்கோ பக்கத்து கிராஸ்னகோர்ஸ்க் ஆலை.

இது எப்படி மதுரைக்கு வந்தது? 1947-ல ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துச்சு. 1950-களோட கடைசியில அந்நியச் செலாவணி ரொம்பச் சுருங்கிப் போச்சு. வெளிநாட்டு கேமரா வாங்குறது சாமானியமான காரியமா இல்லை. சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைச்சது பரோடாவுல செஞ்ச ஆக்ஃபா கிளிக் 3. ஒரே கண்ணாடி, வெயில் இருந்தாத்தான் படம். ஃபிலிமுக்கு ஊட்டியில 1960-ல இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கினாங்க, உற்பத்தி ஆரம்பிச்சது 1967-ல. கல்யாண ஸ்டூடியோக்காரருக்கு நல்ல லென்ஸ் வேணும்னா ரெண்டு மூணு வழிதான். சிங்கப்பூர், மலேயாவுல இருந்து வர்ற சொந்தக்காரங்க, மெட்ராஸ் பர்மா பஜார், இல்லாட்டி சோவியத் சரக்கு. சோவியத்தோட வர்த்தகம் ரூபாய் கணக்குல நடந்ததால டாலர் தேவைப்படலை. ஜெனித் கேமராவும் அதோட ஒட்டி வந்த ஹீலியோஸும் இங்க புழங்கினதுக்குப் பின்னாடி அந்த ஏற்பாடு இருக்கு.

அந்த ஹீலியோஸே ஒரு வகையில கைமாறின சாமான்தான். மூலம் ஜெர்மனியோட கார்ல் ஜெய்ஸ் பயோடார் 58 எம்எம். போருக்கப்புறம் அந்த வடிவம் சோவியத்துக்குப் போய், ஆறு கண்ணாடி நாலு தொகுதின்னு அப்படியே தொடர்ந்துச்சு.

1991-க்கு அப்புறம் கதவு மெல்லத் திறந்தது. 2001 ஏப்ரல் 1-ல மிச்சமிருந்த 715 பொருள்கள் மேல இருந்த அளவுக் கட்டுப்பாடும் போச்சு. கொஞ்ச வருஷத்துல டிஜிட்டல் வந்து ஃபிலிம் லென்ஸெல்லாம் அட்டாலிக்குப் போயிருச்சு. இப்ப திரும்ப இறங்கி வர்றதுக்குக் காரணம் மிரர்லெஸ் கேமரா. எம்42 லென்ஸ் சென்சார்ல இருந்து 45.46 எம்எம் தள்ளி இருக்கணும். சோனி இ மவுண்ட்ல அந்த தூரம் 18 எம்எம்தான். நடுவுல இருக்கிற இடைவெளியை வெறும் குழாய் மாதிரி ஒரு அடாப்டர் நிரப்பிரும்.

என் லென்ஸ்ல ஃபோகஸ் வளையம் கல்லு மாதிரி இறுகியிருந்தது, உள்ள ஃபங்கஸ். பின்பக்கமா டார்ச் அடிச்சுச் சாய்ச்சுப் பாத்தா சிலந்தி வலை மாதிரி தெரியும். வாங்கப் போறவங்க கடை வாசல்லயே இதைச் செஞ்சு பாத்துரணும். அபெர்ச்சர் தகட்டுல எண்ணெய் இருந்தா மத்த லென்ஸ்ல யோசிக்கணும். இந்த மாடல்ல ஸ்பிரிங் இல்லாம கையால திருப்புற பிரீசெட் வளையம்ங்கிறதால பெரிய பாதகம் இல்லை. மதுரை வறண்ட ஊராச்சே, ஃபங்கஸ் எப்படின்னு கேக்கலாம். ஐப்பசி கார்த்திகை போதும். அதுலயும் லெதர் கேஸுக்குள்ள போட்டு பீரோவுல பூட்டி வச்சா கேக்கவே வேணாம், தோல் ஈரத்தை விடாம பிடிச்சு வச்சுக்கும்.

சர்வீஸுக்குப் போனது எழுபதைத் தாண்டின ஒரு பெரியவர்கிட்ட. பேரு போட வேண்டாம்னுட்டார், பாய்னே எழுதுறேன். டவுன் ஹால் ரோட்டுல இருந்து உள்ள திரும்புற ஒரு சந்துல மாடி. கூலி 1,200. "வேலை முடியுற வரைக்கும் அங்கிட்டு உக்காந்து பாருங்க தம்பி, பேச மட்டும் செய்யாதீங்க"ன்னார்.

முன்னாடி இருக்கிற பேர் வளையத்தை ரப்பர் வச்சு அழுத்தித் திருகி எடுத்தார். கண்ணாடித் தொகுதிகளை ஒவ்வொண்ணா எடுத்து வரிசையா, எது எந்தப் பக்கம்னு பென்சில் அம்புக்குறி போட்டு வச்சார். கஷ்டமான இடம் ஃபோகஸ் மரை. அதுல ஒண்ணுக்கு மேற்பட்ட புரி ஒரே சமயத்துல ஆரம்பிக்கும். பிரியுற இடத்தைக் குறிக்காம விட்டா, திரும்பப் போடும்போது வேற புரியில ஏறிரும். வளையம் நல்லாத்தான் சுத்தும், ஆனா தூரத்துல இருக்கிறது எதுவும் ஃபோகஸ் ஆகாது. அதனால ரெண்டு பகுதியும் விலகுற இடத்துல ரெண்டுலயும் ஒரு கீறல் போட்டுக்கணும்.

பாய் ஊசியை எடுத்தவர் அப்படியே நிறுத்தி லூப்பை என்கிட்ட நீட்டினார். அங்க ஏற்கனவே மூணு குறி இருந்தது. ஒண்ணு நேர்க் கீறல், ஒண்ணு பஞ்ச் வச்சு அடிச்ச புள்ளி, ஒண்ணு சாய்வா ரெட்டைக் கோடு. மூணு வேற வேற கை. அதாவது ஆலையை விட்டு வந்த பிறகு இந்த லென்ஸ் குறைஞ்சது மூணு தடவை முழுசாப் பிரிக்கப்பட்டிருக்கு, மூணு தடவையும் சரியாச் சேர்க்கப்பட்டிருக்கு. கிரீஸ்லயும் அடுக்கு தெரிஞ்சது. ஒரு ஓரத்துல இருந்த கறுப்பு கிரீஸை மோந்து பாத்துட்டு, "இது சைக்கிள் கடை கிரீஸு. அவரு காலத்துல வேற எது கிடைக்கும்"னார். குறை சொல்ற தொனியே இல்லை.

கல்வெட்டுல எழுத்தமைதியைப் பாத்துக் காலம் சொல்றோம். இந்தக் குறிகளை வச்சு ஊரையோ பேரையோ சொல்ல முடியாது. ஆனா லென்ஸ் வரலாறுன்னு நான் படிச்சதெல்லாம் வடிவமைச்சவர், ஆலை, படமெடுத்தவர்னு மூணு பேரோட முடிஞ்சிரும். 1976-ல இருந்து இந்தக் கண்ணாடியை உயிரோட வச்சிருந்தவங்களுக்கு அதுல இடமே இல்லை.

பேர் தப்பிப் பிழைச்ச ஒருத்தர் உண்டு. ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மிர் மொஹ்சின் ஹுசைன். மதராஸ்ல இருந்த அவரோட கைத்திறமையைப் பாத்து சர்வேயர் ஜெனரல் வேலன்டைன் பிளாக்கர் கல்கத்தாவுக்குக் கூட்டிட்டுப் போனார். 1830-ல லண்டன்ல இருந்து ஹென்றி பாரோங்கிற கருவிக்காரர் வந்தப்போ அவருக்குக் கீழ வேலை பாத்தார். எவரெஸ்டுக்கும் பாரோவுக்கும் ஒத்துப் போகலை, பாரோ போன பிறகு அளவைக் கருவிகளைச் செப்பனிடுற பொறுப்பு மொஹ்சின் ஹுசைனுக்கு வந்தது. எவரெஸ்ட் விடாம எழுதி, கம்பெனியோட கணிதக் கருவி வல்லுநர்ங்கிற பதவியையே அவருக்கு வாங்கிக் கொடுத்தார். எவரெஸ்ட் சிடுமூஞ்சின்னு பேர் எடுத்தவர், ஆனா இந்த ஒரு விஷயத்துல நான் அவர் பக்கம். அந்தக் கடிதங்கள் இல்லாட்டி மொஹ்சின் ஹுசைனும் திருச்சிக் கூடாரத்துக்குள்ள இருந்தவங்க மாதிரி பேரில்லாமப் போயிருப்பார்.

பாய் ஃபங்கஸைத் துடைச்சு எடுத்துட்டார். ஒரு கண்ணாடியில மட்டும் அது விட்ட அமிலம் மேல்பூச்சை அரிச்சிருக்கு, அது போகாது. இன்னொரு சிக்கல், ஒட்டின ஜோடி ஒண்ணுல ஓரமா வானவில் கலர்ல ஒரு பிறை. பசை விட ஆரம்பிச்சிருக்கு. சூடு காட்டிப் பிரிச்சு மறுபடி ஒட்டலாம்னு நான் வாசிச்சிருந்தேன். பாய் மறுத்துட்டார். "ஒட்டுறது பெரிசில்ல தம்பி. ரெண்டு கண்ணாடிக்கும் மையம் ஒண்ணா நிக்கணும். அதுக்கு மிஷின் வேணும், எங்கிட்ட இல்ல. இன்னும் பத்து வருஷம் இப்படியே ஓடும்." செய்யக்கூடாததைச் செய்யாம விடுறதுக்கும் சேத்துத்தான் 1,200 ரூபாய் கொடுத்தேன்னு நினைக்கிறேன்.

கடைசியா மொட்டை மாடி. ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்துல தேய்ச்ச கண்ணாடி வச்ச ஒரு பழைய ஜெனித் பாடியில லென்ஸை மாட்டி, மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைப் பாத்து இன்ஃபினிட்டி சரி பண்ணினார். நாப்பது வருஷமா அதுதான் அவரோட அளவுகோல். 2-ல வெளிச்சம் எதிர்ல இருந்தா படம் லேசா வெளிறுது, 4-ல வச்சா கோபுரத்துச் சுதைச் சிற்பத்தோட விரல் வரைக்கும் தெரியுது. பழைய மூணு குறியையும் அழிக்காம, பாய் தன்னோட கீறலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கார், சின்னதா ஒரு பெருக்கல் குறி.