இரண்டு டாக்டர்கள், ஒரு நாடு: சிலியில் இடதுசாரிகள் ஏன் மோதிக்கொண்டார்கள்?

1/
"கொள்கையா, நடைமுறையா?" இடதுசாரிகளுக்குள் இந்தச் சண்டை நூறு வருஷத்துக்கும் மேலா ஓடுது. பெரும்பாலும் மாநாட்டு மேடையோட முடிஞ்சிடும். ஒரு நாட்டில், ஆட்சியில் இருக்கும்போதே இது நடந்தது. எதிரெதிர் பக்கம் நின்றவர்களில் இரண்டு பேர் டாக்டர்கள். சிலி, 1970-73. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா வாங்க.

2/
முதல் டாக்டர் சால்வடோர் அயேந்தே. இளம் வயதில் வால்பரைசோ நகரில் பிரேதப் பரிசோதனை செய்தவர். 1933-இல் சோஷலிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1939-இல் சுகாதார அமைச்சர். அதே ஆண்டு எழுதிய நூலில், சிசு மரணத்துக்கும் காசநோய்க்கும் மருந்து மட்டும் போதாது. கூலி, வீடு, சாப்பாடு மாறணும் என்று வாதிட்டார்.

3/
இரண்டாவது டாக்டர் மிகேல் என்ரிகெஸ். அயேந்தேயைவிட 36 வயது இளையவர். கான்செப்சியோன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தவர். 'மிர்' என்ற புரட்சிகர இயக்கத்தின் தலைவர். தேர்தலில் ஜெயிச்சாலும் ராணுவமும் முதலாளிகளும் விடமாட்டாங்க, ஆயுதம் இல்லாமல் சோஷலிசம் வராது என்பது அவர் கட்சி.

4/
இருவரும் அந்நியர்கள் இல்லை. அயேந்தேயின் மகள் பீட்ரிஸும் டாக்டர்தான், என்ரிகெஸின் தோழி. அயேந்தேயின் தங்கை மகன் மிர் தலைவர்களில் ஒருவர். அயேந்தேயின் முதல் மெய்க்காப்பாளர்களே மிர் ஆட்கள்தான். ஒரே குடும்பத்துச் சண்டை மாதிரி இதைப் படிச்சா நல்லா புரியும்.

5/
1970 தேர்தல், அயேந்தேவுக்கு நாலாவது முயற்சி. ஓட்டு சுமார் 36 சதவீதம். முதலிடம், ஆனா பெரும்பான்மை இல்லை. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி நாடாளுமன்றத்தில் கைகொடுத்ததால்தான் பதவி. அதுக்கு ஈடாக அரசியல் சட்ட உத்தரவாதங்களை ஏற்றார். சிக்கலின் விதை இங்கேயே விழுந்தாச்சு.

6/
ஆரம்பம் நல்லாத்தான் இருந்தது. குழந்தைகளுக்குத் தினமும் அரை லிட்டர் பால். 1971 ஜூலையில் தாமிரச் சுரங்கங்கள் தேசியமயம். நாடாளுமன்றத்தில் ஒருத்தர்கூட எதிர்க்கலை, வலதுசாரிகள் உட்பட!

7/
ஆனா அதற்கு முன்பே, ஏப்ரலில், சான்டியாகோவின் யாரூர் பஞ்சாலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றிட்டாங்க. "அரசுடைமை ஆக்குங்க" என்றார்கள். அயேந்தே தயங்கினார். ஒரு ஆலைக்குக் கொடுத்தா நாளைக்கு எல்லாரும் கேட்பாங்க, திட்டமிட்ட வேகம் கெட்டுடும் என்பது அவர் கவலை. கடைசியில் இணங்கினார். அவர் பயந்தபடியே நடந்தது.

8/
இப்போ ஒரு ஆச்சரியம். நிதானமா போகச் சொன்னது யார்? கம்யூனிஸ்ட் கட்சி! "இருப்பதை உறுதிப்படுத்திவிட்டு முன்னேறுவோம்" என்பது அவர்கள் நிலை. "சமரசமே இல்லாமல் முன்னேறு" என்றது யார்? அயேந்தேயின் சொந்தக் கட்சியான சோஷலிஸ்ட் கட்சியின் தலைவர் கார்லோஸ் அல்தமிரானோ. வெளியே இருந்த மிர்ருக்கு உள்ளேயே ஆதரவு.

9/
1972 அக்டோபர். லாரி முதலாளிகள் வேலைநிறுத்தம். நாடே நின்றுபோகணும் என்பது திட்டம். தொழிலாளர்கள் ஆலைகளைத் தாங்களே எடுத்து நடத்தி ஆட்சியைக் காப்பாத்தினாங்க. அயேந்தே நெருக்கடியை முடிக்க ராணுவத் தளபதிகளை அமைச்சரவையில் சேர்த்தார். சில மாதங்களில், கைப்பற்றிய ஆலைகளில் சிலதைத் திருப்பித் தர கம்யூனிஸ்ட் அமைச்சர் ஒருவரே மசோதா கொண்டுவந்தார். ஆட்சியைக் காப்பாத்தினவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

10/
அதே அக்டோபரில் ஆயுதக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலும் அயேந்தே கையெழுத்துப் போட்டார். 1973-இல் ராணுவம் அதே சட்டத்தைக் காட்டி ஆலைகளில் புகுந்து சோதனை போட்டது. சட்டத்தை மதித்த அரசின் ஆதரவாளர்கள்மேலேயே அந்தச் சட்டம் பாய்ந்தது.

11/
சரி, மிர் சொன்னதுதான் சரியா? அவசரப்படாதீங்க. ராணுவத்தை எதிர்த்து நிற்கும் ஆயுதபலம் மிர்ரிடமும் கிடையாது. ஆனா ஆயுதப் பேச்சு நடுத்தர வர்க்கத்தைப் பயமுறுத்தப் போதுமானதா இருந்தது. விலைவாசி பறந்துகொண்டிருந்த நேரம் வேற. கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியோடு சமரசம் பேச அயேந்தே போனார், பேச்சு உடைந்தது.

12/
டாக்டரா எனக்குத் தோணுறது இது. நோய் என்ன என்பதில் இருவருமே ஓரளவு சரி. மக்கள் பெரும்பான்மை இல்லாமல் தாங்காது என்றார் அயேந்தே, உண்மை. ராணுவம் சும்மா இருக்காது என்றார் என்ரிகெஸ், அதுவும் உண்மை. ஆனா இரண்டு சிகிச்சையையும் பாதிப்பாதி கொடுத்தாங்க. சமரசம் முழுசா நடக்கலை, தற்காப்பும் முழுசா நடக்கலை.

13/
ஒண்ணை மறக்கக்கூடாது. ஆட்சியைக் கவிழ்த்தது இந்தச் சண்டை இல்லை. நிக்சன் அரசு 1970-லிருந்தே பொருளாதாரத்தை நெரித்தது, எதிரிகளுக்குப் பணம் கொடுத்தது. குண்டு போட்டது சிலி ராணுவம். உட்சண்டை செய்தது, தாங்கும் சக்தியைக் குறைத்தது.

14/
1973 செப்டம்பர் 11. அதிபர் மாளிகைமேல் விமானக் குண்டு. வெளியே கூட்டிப்போக மிர் ஆள் அனுப்பத் தயாரா இருந்தது. அயேந்தே மறுத்தார். இனி மிகேலின் முறை என்று மகள் மூலம் சொல்லி அனுப்பியதாக மிர் இயக்கத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். அன்றே மாளிகைக்குள் உயிரை விட்டார். அடுத்த ஆண்டு அக்டோபர் 5-இல் சான்டியாகோவில் ரகசியப் போலீசோடு நடந்த மோதலில் என்ரிகெஸ் கொல்லப்பட்டார். வயது 30.

15/
பிறகு நடந்ததுதான் விசித்திரம். நிதானம் பேசிய கம்யூனிஸ்ட் கட்சி 1980-இல் ஆயுதப் போராட்டத்தையும் ஏற்றது. சமரசமே கூடாது என்ற அல்தமிரானோ நாடுகடந்த வாழ்வில் மிதவாதத்துக்கு மாறினார். அப்படியே இடம் மாறிட்டாங்க! ஒரே தோல்வி, இரண்டு பேருக்கு இரண்டு பாடம்.

16/
1988-இல் பினோசெட்டை வாக்கெடுப்பில் வீழ்த்தியது யார் தெரியுமா? சோஷலிஸ்டுகளும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சேர்ந்த கூட்டணி. 1973-இல் பேசி உடைந்த அதே கூட்டு. நடுவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள், காணாமல் போனார்கள். ஆனா பினோசெட்டின் அரசியல் சட்டத்துக்குள்தான் அந்தக் கூட்டணி ஆள வேண்டியிருந்தது. அதனால "பார்த்தியா, சமரசம்தான் ஜெயிச்சது" என்றும் சுலபமா சொல்லிட முடியாது.

17/
அடுத்த முறை யாராவது "துரோகி" என்றோ "கனவுலகவாசி" என்றோ தன் தோழரையே திட்டும்போது, இந்த இரண்டு டாக்டர்களையும் நினைச்சுக்கோங்க. உங்களுக்கு யார் பக்கம் நியாயம் தெரியுது? காரணத்தோட கமெண்ட்ல சொல்லுங்க, பேசுவோம்.