எண்களைக் காணக் கற்பித்த நகரம்

புள்ளிவிபரம் என்றதும் அரசாங்க அறிக்கையின் பின்னிணைப்பே நம் நினைவுக்கு வருகின்றது. உழைக்கும் மக்களின் பிள்ளைகளும் அதனைக் கண்டு விளங்கவேண்டும் என்ற நோக்குடன் 1925ஆம் ஆண்டில் வியன்னாவிலே ஒரு நூதனசாலை எழுந்தது. சமூக, பொருளாதார நூதனசாலை என்பது அதன் பெயர். அதனை நிறுவியவர் ஒட்டோ நொய்ராத் என்னும் மெய்யியலாளர்.

நகராட்சி அப்பொழுது சமூக ஜனநாயகவாதிகளின் கையில் இருந்தது. முதலாம் உலக யுத்தத்தின் பின்னர் வீடின்மையும் சயரோகமும் வாட்டிய அந்நகரில், 1934க்குள் 60,000க்கு மேற்பட்ட வீடுகளை நகராட்சி கட்டிற்று. வரிப்பணம் எங்கே போகின்றது, சிசுக்கள் ஏன் இறக்கின்றன என்பவற்றை மக்கள் அறியவேண்டாமா? நகரமண்டபத்துக் காட்சிக்கூடத்தில் நுழைந்த இளைஞனுக்குப் பரீட்சையில்லை, பிரம்பில்லை; சுவரிலே படங்களே இருந்தன.

அப்படங்களின் விதி எளியது. ஓர் உருவம் குறித்த ஒரு தொகையைச் சுட்டும். தொகை இருமடங்காயின் உருவத்தைப் பெருப்பித்தலாகாது. அதே அளவான உருவங்கள் இரண்டை வரைதல் வேண்டும். உயரமும் அகலமும் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிக் கண்ணை ஏமாற்றிவிடும் அல்லவா? இதனை ஒருமுறை உணர்ந்த சிறுவன், பத்திரிகையிலே பெருத்த மூட்டையையும் சிறுத்த மூட்டையையும் வரைந்து காட்டுவோரிடம் ஏமாறான். நூற்றுவீதக் கணக்கை நூறு தடவை செய்த மாணவனுக்கும் இந்த விழிப்பு எளிதில் வாய்ப்பதில்லை என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் அறிவோம்.

உருவங்களைச் செதுக்கியவர் கேர்ட் ஆர்ன்ற்ஸ் என்னும் ஓவியர். ஆயினும், நிபுணர் தரும் எண்களுள் எதைச் சொல்வது, எவ்வாறு அடுக்குவது என்று தீர்மானித்த மரி ரைடெமைஸ்டரின் பணியே நமக்கு முக்கியமாகப் படுகின்றது. அதிலேதான் ஓர் அபாயமும் உண்டு. தெரிவுசெய்பவர் விட்டுவிட்ட எண்ணைப் பார்வையாளன் எங்கே தேடுவான்?

1934 பெப்ரவரியில் தொழிலாளர் குடியிருப்புகள்மீது பீரங்கிகள் முழங்கின. நூதனசாலைப் பணி ஒடுக்கப்பட்டது. மொஸ்கோவில் இருந்த நொய்ராத் வியன்னாவுக்குத் திரும்பாது ஹேக் நகரை அடைந்தார். 1940இல் ஜேர்மன் படை அங்கும் வரவே, அவரும் மரியும் படகேறி இங்கிலாந்துக்குத் தப்பினர். 1945இல் அவர் மறைந்தார்.

அவரை மணந்திருந்த மரி பணியை விடவில்லை. சிறுவர் நூல்கள் பல ஆக்கினார். 1950களில் மேற்கு நைஜீரிய அரசுக்காகச் சுகாதாரம், வாக்களிப்பு பற்றிய படநூல்களை ஆக்கியபொழுது, ஐரோப்பாவில் வரைந்த உருவங்கள் அங்கே பொருந்தா எனக் கண்டு, அம்மக்களின் உடையையும் வீட்டையும் கேட்டறிந்து புதிதாக வரைவித்தார்.