மன்றங்களின் ஆயுள்

சங்கப் பாடல்களில் மன்றம் என்பது ஊரின் நடுவே மரத்தடியில் அமைந்த பொதுவெளி. பொதியில், அம்பலம் என்று அதற்கு வேறு பெயர்களும் உண்டு. யாருக்கும் சொந்தமில்லாததால் எல்லோரும் வந்து அமரக்கூடிய இடம் அது. இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சொல் மறுபிறவி எடுத்தது. இளைஞர் மன்றம், நற்பணி மன்றம், கலை மன்றம், பின்னர் ரசிகர் மன்றம் எனத் தமிழகத்துச் சிற்றூர்களின் சுவர்களெங்கும் அது எழுதப்பட்டது. தொடங்கிய நாளைக் கல்வெட்டில் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. மூடிய நாளைப் பொறிப்பவர் எவருமில்லை. ஆகவே மன்றங்களின் வரலாறு பிறந்த தேதிகளால் மட்டுமே ஆன வரலாறாக நின்றுவிடுகிறது. அவற்றுள் சில எப்படித் தப்பிப் பிழைத்தன என்பதே இங்கு நாம் பார்க்கவேண்டிய கேள்வி.

இதற்கு வத்திராயிருப்பு வட்டாரம் நல்ல களம். மேற்குத் தொடர்ச்சி மலையடியில், சதுரகிரிக்குச் செல்வோர் தாணிப்பாறையை நோக்கிக் கடந்துபோகும் வழியில் இருக்கிறது மகாராஜபுரம். (இசை ரசிகர்கள் அறிந்த மகாராஜபுரம் தஞ்சைப் பக்கத்தது, இது வேறு.) இவ்வூருக்குப் பக்கத்து நகரங்களான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராஜபாளையத்திலும் நம் கேள்விக்கான இரு விடைகள் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன.

முதலாவது, ஸ்ரீவில்லிபுத்தூரின் பென்னிங்டன் நூலகம். 1875-இல் தோன்றிய இது, திருநெல்வேலி மாவட்ட ஆட்சியராக இருந்த பென்னிங்டனின் பெயரைத் தாங்கியது. விருதுநகர் - தென்காசி இரயில் பாதை திறக்கப்பட்டது 1927-இல். அதாவது, இரயில் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே அவ்வூருக்கு நூலகம் வந்துவிட்டது. தோன்றியபோது ஊர் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 1985-இல் காமராஜர் மாவட்டமாயிற்று. பின்னர் விருதுநகர் மாவட்டம். நான்கு மாவட்டப் பெயர்களைக் கண்ட நூலகம் தன் பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அதன் நீண்ட ஆயுளுக்குக் காரணம் ஊராரின் புத்தகக் காதல் மட்டும்தான் என்று சொல்லிவிடுவது அழகாக இருக்கும். ஆனால் அது பாதி உண்மையே. தனக்கெனச் சொத்தும், அதிலிருந்து வாடகை வருவாயும், அவற்றைக் கவனிக்க ஒரு நிர்வாகக் குழுவும் அதற்கு இருந்தன. ஒவ்வோர் ஆண்டும் யாரிடமும் கையேந்த வேண்டிய நிலை அதற்கு இல்லை.

இரண்டாவது, இராஜபாளையத்தின் காந்தி கலை மன்றம். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசாமி ராஜா, தம் சொந்த வீட்டையே இதற்காகக் கொடுத்தார். 1952 தேர்தலில் சொந்த மண்ணிலேயே தோற்றவர் அவர்; பின்னர் ஒரிசாவின் ஆளுநராக இருந்து, 1957-இல் மறைந்தார். ஆட்சியும் தேர்தல் வெற்றியும் கைவிட்டுப் போயின. கொடுத்த வீடு மட்டும் ஊரில் நிற்கிறது. இங்கு கவனிக்கத்தக்கது ஈகையின் பெருமை மட்டுமன்று. ஊர்ப் பெரியவரின் வாய்ச்சொல்லை நம்பி அவர் வீட்டுத் திண்ணையில் தொடங்கும் மன்றம், அவருடைய பிள்ளைகள் பாகம் பிரிக்கும் நாளில் தெருவுக்கு வந்துவிடும். எழுதிக் கொடுக்கப்பட்ட கட்டடத்துக்கு அந்த அச்சம் இல்லை.

தனியார் ஈகையை நம்பியிருக்கும் நிலையை மாற்ற முயன்றது, 1948-இல் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல். சொத்துவரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்க அது வழி செய்தது. அச்சட்டத்துக்குப் பின்னால் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் இடையறாத உழைப்பு இருந்தது. ஆனால் இளைஞர் மன்றத்துக்கு இப்படியொரு சட்டமோ வரியோ வாய்க்கவில்லை. 1972-இல் தொடங்கிய நேரு யுவ கேந்திரா சிற்றூர் மன்றங்களைப் பதிவு செய்து ஊக்குவித்தது. ஆயினும் பதிவு வேறு, பராமரிப்பு வேறு. 2006-இல் வந்த அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் ஊராட்சிதோறும் நூலகமும் விளையாட்டுத் திடலும் அமைக்க முனைந்தது. கட்டடங்கள் எழும்பின. பொறுப்பாளருக்கான ஊதியமும் புதிய நூல்களும் தொடர்ந்து வராத ஊர்களில் அவை பூட்டிக் கிடந்தன. அதே திட்டம் 2021-இல் இரண்டாம் முறையாகத் தொடங்கப்பட்டபோது, பழைய நூலகங்களைப் பழுதுபார்ப்பதும் அதன் வேலைகளுள் ஒன்றாயிற்று. கட்டுவதற்கு நிதி ஒதுக்குவது எளிது, விளக்கேற்றுவதற்கு ஒதுக்குவது கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூடும் முயற்சி வெளிப்படையாக வந்தபோது என்ன நடந்தது என்பதற்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் நாடறிந்த உதாரணம். எட்டு ஏக்கரில் ஒன்பது தளங்களோடு 2010 செப்டம்பரில் திறக்கப்பட்ட அதனை இடம் மாற்றிவிட்டு, கட்டடத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப் போவதாக 2011 நவம்பர் தொடக்கத்தில் அரசு அறிவித்தது. குழந்தைகள் மருத்துவமனையை யார் எதிர்ப்பது? மூடுவதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் இப்படி மறுக்க முடியாத நல்ல காரணமாகவே இருக்கும். இருப்பினும் எழுத்தாளர்களும் மாணவர்களும் எதிர்த்தனர், வழக்குகள் தொடுக்கப்பட்டன, சில நாட்களிலேயே உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நூலகம் தப்பியது. ஆனால் அடுத்த பல ஆண்டுகள் பராமரிப்பின்றி வாடியது. அதைச் சீர்செய்யும்படி நீதிமன்றம் மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. தடையாணை கதவை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே புதிய புத்தகத்தை அது கொண்டுவந்து வைக்காது.

இதே 2011 நவம்பரில், இலண்டன் உயர்நீதிமன்றம் குளொஸ்டர்ஷயர், சாமர்செட் ஆகிய இரு வட்டாரங்களின் நூலகக் குறைப்பு முடிவுகளைச் சட்டவிரோதமெனத் தள்ளுபடி செய்தது தற்செயலான ஒற்றுமை. அங்கும் நூலகத்துக்கு 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணை உண்டு. இளைஞர் மையங்களுக்கோ, 'நடைமுறைக்கு இயன்ற அளவில்' என்ற தளர்வான கடமையே சட்டத்தில் இருக்கிறது. சிக்கன நடவடிக்கைகளின் ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான மையங்கள் அங்கே மூடப்பட்டன. 2012-இல் வடக்கு சாமர்செட் மன்றம் இளைஞர் பணிகளுக்கான நிதியை வெட்டியதை எதிர்த்து இளைஞர் ஒருவர் வழக்கு தொடுத்தார். 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே நியாயம் என்றது. ஆனால் அந்த நிதியாண்டு முடிந்துபோனதால் முடிவை இரத்து செய்ய மறுத்துவிட்டது. வழக்கில் வென்றவர், கேட்டதைப் பெறவில்லை. நிதியாண்டுக்கு ஓராண்டு ஆயுள்; வழக்குக்கு அதைவிட நீண்ட ஆயுள். இளைஞனின் பதினேழாவது வயதோ ஒருமுறைதான் வரும்.

இழப்பின் உண்மையான கணக்கு இங்கேதான் இருக்கிறது. மன்றம் மூடப்பட்டால் மறுநாள் எதுவும் நடந்துவிடுவதில்லை. மருத்துவமனை மூடினால் தெரியும் துயரம் இங்கே தெரியாது. வீட்டில் படிக்க இடமில்லாத ஒருவன், தேர்வுக்குத் தயாராகும் ஒருத்தி, சாதிவாரியாகப் பிரிந்த தெருக்களிலிருந்து வந்து ஒரே மேசையில் நாளிதழ் படிக்கக்கூடிய நால்வர் ஆகியோர் எங்கும் கணக்கில் வராமலே கலைந்துபோகிறார்கள்.

ஆகவே ஊரில் ஒரு மன்றத்தைக் காக்க விரும்புவோர், அறிவிப்பு வரும்வரை காத்திராமல் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இடம் யார் பெயரில் இருக்கிறது? அடுத்த ஆண்டு மின்கட்டணம் எதிலிருந்து வரும்? நாள்தோறும் மாலையில் யார் வந்து அமர்கிறார்கள்? குமாரசாமி ராஜாவின் வீடு முதல் கேள்விக்கும், பென்னிங்டன் நூலகம் இரண்டாவதற்கும் விடை சொல்லிவிட்டன. மூன்றாவதற்குப் பத்திரமோ தீர்ப்போ விடையாகாது. அதற்கு, ஊரார் மாலைதோறும் அங்கே போய் உட்கார வேண்டும்.