காஞ்சிபுரத்து வீதிகளும் அதிர்வு தாங்கும் தொழிலும்: தேர் முதல் ஜீப் வரை

சக்கரம் பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது எழும் அதிர்வு எங்கேனும் ஓரிடத்தில் செலவாகித் தீர வேண்டும். அதை மரச்சட்டத்தின் மூட்டுகள் வாங்கிக்கொள்ளலாம், சுமப்பவரின் தோள் வாங்கிக்கொள்ளலாம், இரும்பு வில் வாங்கிக்கொள்ளலாம். இவற்றில் எதற்கும் வழியில்லாதபோது உள்ளே அமர்ந்திருப்பவரின் இடுப்பு வாங்கிக்கொள்ளும். காஞ்சிபுரத்தில் இவ்வழிகள் அனைத்தும் ஒரே ஊரின் வீதிகளில், ஒன்றையொன்று முற்றாக ஒழித்துவிடாமல் அருகருகே வாழ்ந்திருக்கின்றன. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊரின் வரலாற்றில் தறியும் கோபுரமும் பெற்ற கவனத்தைத் தச்சனின் உளியும் கொல்லனின் உலையும் பெறவில்லை என்பதால், வண்டியின் அதிர்வைத் தாங்கிய இத்தொழிலைத் தனியே எடுத்துப் பார்ப்பது தகும்.

வைகாசிப் பெருவிழாவில் வரதராசப் பெருமாள் தேரும், பங்குனியில் ஏகாம்பரநாதர் தேரும், மாசியில் காமாட்சியம்மன் தேரும் ஓடும் இவ்வூரில், ராஜ வீதிகளின் அகலமே தேரின் அகலத்தையும் அது திரும்புவதற்கு வேண்டிய இடத்தையும் மனத்திற்கொண்டு அமைந்தது. விஜயநகர அரசர்களின் காலத்தில், குறிப்பாக ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் 1509இல் எழுப்பிய காலத்தை ஒட்டி, தமிழகத்துக் கோயில் விழாக்கள் மதிலுக்கு வெளியே விரிந்தபோது, பெருந்தேர் என்பது கோயிலின் நடமாடும் விமானமாகவே கருதப்பட்டது. அந்த விமானம் நடமாட வேண்டிய தரையோ நெடுங்காலம் வெறும் மண்தரை. பாலாற்றுக்கு அருகே வேகவதிக் கரையில் அமைந்த ஊரில், மழை பெய்தால் சக்கரம் புதையும், வெயில் காய்ந்தால் வண்டித்தடம் கல்லாக இறுகும். இன்றைய வழக்கில் சாலையல்லாத தரையில் ஓடும் ஊர்தி என்று எதையேனும் சொல்வதானால், அப்பெயருக்கு முதல் உரிமை தேருக்கே உண்டு.

தேரில் வில் கிடையாது. அச்சின்மேல் பார் எனப்படும் கனத்த நெடுஞ்சட்டங்கள் நேராக அமர்கின்றன. பூதங்களைச் செதுக்கிய அடிச்சட்டமாகிய பூதப்பார் தொடங்கி, இறைவன் வீற்றிருக்கும் தேவாசனம் வரை, அடுக்கின்மேல் அடுக்காக மரம் ஏறுகிறது. இப்பணிக்கு இலுப்பை மரத்தைத் தச்சர்கள் விரும்பினர். எண்ணெய்ப்பசை உள்ள அம்மரம் வெயிலிலும் மழையிலும் எளிதில் வெடிக்காது என்பதோடு, அடி வாங்கினால் பிளவுபடாமல் நார்நாராகத் தாங்கும் இயல்பும் உடையது. சட்டங்களைத் துளையும் கழுந்துமாக, அதாவது ஒரு சட்டத்தில் குடைந்த குழியில் மற்றொன்றின் நுனியைச் செருகி, ஆப்பு அடித்து இறுக்கினர். ஆணியால் இறுகிய மூட்டு அசைந்தால் ஆணித்துளை அகன்றுகொண்டே போகும். ஆப்பால் இறுகிய மூட்டோ சிறிது அசைந்து கொடுத்து, தளர்ந்தபின் மறுபடி ஓர் அடியில் இறுகிக்கொள்ளும். தேவாசனத்துக்கு மேலே தெரியும் உயரம் முழுவதும் விழாவுக்கு விழா புதிதாகக் கட்டப்படும் மூங்கில் சாரமும் அதைப் போர்த்திய துணிச்சீலைகளும் குழல்வடிவத் துணித்தொங்கல்களாகிய தொம்பைகளுமே. அச்சாரம் கயிற்றால் பிணைக்கப்பட்டதாகையால், கீழே சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கும்போது மேலே கும்பம் வரை ஓர் ஆட்டம் ஓடி, மூங்கிலின் வளைவிலும் கயிற்று முடிச்சுகளின் உராய்விலும் அடங்குகிறது.

வில் இல்லாததை அறியாமை என்று கொள்வது பிழை. வில்லின் நெகிழ்ச்சியை மூங்கிலில் நாள்தோறும் கண்டவர்கள் தேர் கட்டியவர்கள். இத்தனை உயரமும் எடையும் கொண்ட ஒன்றை வில்லின்மேல் நிறுத்தினால், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது அப்பக்கத்து வில் அமுங்கும், தேர் சாயும், சாய்ந்த எடை அதே வில்லை மேலும் அமுக்கும். பின் அமுங்கிய வில் விரியும்போது தேர் மறுபக்கம் ஆடும். அடியில் விரற்கடை அளவான சாய்வு உச்சியில் முழக்கணக்கில் தெரியும் என்பதால், அடிப்பகுதி விறைப்பாகவும் மேற்பகுதி நெகிழ்வாகவும் இருப்பதே பெருந்தேருக்குப் பாதுகாப்பு. பொறியியல் நூல் எதுவும் எழுதாமலேயே தச்சர்கள் எட்டிய இம்முடிவில் இன்றைய பொறியாளர் திருத்துவதற்கு அதிகம் இல்லை.

வண்டியைத் தரைக்கேற்ப மாற்றுவதற்குப் பதிலாகத் தரையை வண்டிக்கேற்ப மாற்றுவதே காஞ்சிபுரம் கண்ட தீர்வு. விழாவுக்கு முன் வீதியின் பள்ளங்களை நிரப்புவதும், வடிகால்களின் குறுக்கே பலகையோ கல்லோ இடுவதும் தேர்ப்பணியின் பகுதிகளாகவே இருந்தன. 1866இல் காஞ்சிபுரம் நகராட்சி அமைந்தபின் அப்பொறுப்பில் பெரும்பங்கு அதன்மேல் விழுந்தது. தேர் ஓடும்போது அதன் அடியில் ஓடுபவர்கள் முட்டுக்கட்டை போடுபவர்கள். ஆப்பு வடிவில் செதுக்கிய கனத்த மரத்துண்டாகிய முட்டுக்கட்டையைச் சக்கரத்தின் முன்னே நேராக இட்டால் தேர் நிற்கும், சாய்த்து இட்டால் சக்கரம் அதன் விளிம்பில் உரசித் திசை மாறும். உருளும் சக்கரத்துக்கும் கைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியில் நிகழும் இவ்வேலையில் சாய்மானக் கணக்கு தவறினால் தேர் வீட்டுத் திண்ணையில் ஏறும். சக்கரம் புதைந்துவிட்டால் பின்னிருந்து நெடிய மரங்களை நெம்புகோலாகக் கொடுத்து, அவற்றின் மறுமுனையில் பலர் ஏறி மிதித்து அதைக் கிளப்புவர். தடுப்பு, திருப்பம், உந்துதல் ஆகிய மூன்றும் தேருக்கு வெளியே, மனிதர் கையில் இருந்தன.

பழுதுபார்ப்பும் அவ்வாறே ஊரின் கையில் இருந்தது. ஓடி முடித்த தேர் ஆண்டின் எஞ்சிய நாள்களைத் தேரடியில் கழிக்கும். அங்கே மழையில் ஊறிய சட்டம், கறையான் தொட்ட பலகை, தேய்ந்த அச்சு ஆகியவற்றைத் தட்டிப் பார்த்து, எழும் ஒலியைக் கொண்டே உள்ளே மரம் செத்ததா இல்லையா என்று சொல்பவர் தச்சர். இந்த நிலை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாறத் தொடங்கியது. நெடுநாள் ஓடாமல் நின்ற திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் இரும்புச் சக்கரங்களும் செய்து கொடுக்க, அது 1970இல் மீண்டும் ஓடியது. எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் பொருத்தப்பட்டது. அவ்வெற்றிக்குப் பின் தமிழகத்தின் பல தேர்கள் இரும்புக்கு மாறின. மரச்சக்கரத்தின் பழுது உளியோடு வந்த ஒருவரால் தேரடியிலேயே தீர்ந்தது. இரும்புச் சக்கரத்தில் விரிசல் கண்டால் ஆலையைத் தேட வேண்டும். ஆனால் இரும்பு அச்சு நடுவீதியில் முறிவது அரிது என்பதால் இம்மாற்றத்தைக் குறைசொல்வதற்கு இடமில்லை.

தேருக்கு அடுத்தது வாகனம். வரதராசர் வைகாசி விழாவின் மூன்றாம் நாள் கருடன்மேல் எழுந்தருளும் சேவையில் சக்கரமே இல்லை. வாரை எனப்படும் நீண்ட தண்டுகளின்மேல் வாகனம் அமர, ஸ்ரீபாதம் தாங்கிகள் அதைத் தோளில் ஏந்துகின்றனர். உயரம் ஒத்தவர்களை இணையிணையாக நிறுத்துவது, மேடு வரும்போது முன்வரிசை முழங்காலைத் தளர்த்துவது, தண்டின் வளைவோடு அடியை இசைப்பது ஆகியவற்றால் வாகனத்தின் குடைகூட அதிகம் அசையாமல் செல்கிறது. அவர்களின் தோளில் ஏறும் காய்ப்பு இத்தொழிலின் விலை. பல ஊர்களில் ஆள் கிடைக்காமல் வாகனத்தைச் சகடை எனப்படும் தாழ்ந்த சக்கரமேடையில் ஏற்றி இழுக்கும் வழக்கம் வந்துவிட்டது. அங்கே ஒவ்வொரு கல்லும் மேலே தெரிகிறது.

இனி வில்லின் கதை. நீளம் குறைந்துகொண்டே வரும் எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் இறுக்கி, வண்டிக்கும் அச்சுக்கும் இடையே வைக்கும் முறைக்கு லண்டனில் ஒபதையா எலியட் 1804இல் காப்புரிமை பெற்றார். ஐரோப்பியக் கோச்சுகளோடு அது சென்னைக்கு வந்தது. 1840இல் தொடங்கிய சிம்சன் நிறுவனம் கோச்சு கட்டும் தொழிலைச் செய்தது, பின்னர் 1903இல் அங்கே சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் காரும் செய்தார். காஞ்சிபுரத்துக்கு அரக்கோணத்திலிருந்து 1865இலேயே சிறுபாதை ரயில் வந்துவிட்டதாகையால், நெடுந்தொலைவுப் பயணம் மாட்டு வண்டியிலிருந்து விலக, ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்கும், ஊரிலிருந்து சுற்றுக் கிராமங்களுக்குமான குறும்பயணமே வண்டியின் வேலையாயிற்று. பாரம் ஏற்றும் கட்டை வண்டியில் இருசு எனப்படும் அச்சின்மேல் சட்டம் நேராக உட்காரும். ஆள் ஏறும் கூண்டு வண்டியில் இடையே எஃகு வில் வந்தபோது அது வில்வண்டி ஆயிற்று.

வில்லின் பட்டைகள் வளையும்போது ஒன்றன்மேல் ஒன்று உரசுவதால், வாங்கிய அதிர்வின் ஒரு பகுதி உராய்வாகக் கரைகிறது; மெதுவாகச் செல்லும் மாட்டு வண்டிக்கு அதுவே போதும், வேறு அதிர்வுத் தணிப்பான் வேண்டியதில்லை. பழுது இரண்டு வகையில் வரும். ஒன்று, நடுவில் ஆணி செல்லும் துளையருகே பட்டை முறிவது. துளையிட்ட இடத்தில் எஃகு குறைவாகவும் இழுவிசை மிகுதியாகவும் இருப்பதே காரணம். மற்றொன்று, நாள்பட்ட பாரத்தால் வளைவு குறைந்து வில் உட்கார்ந்துவிடுவது. உட்கார்ந்த வில்லைக் கொல்லர் பட்டை பட்டையாகப் பிரித்து, உலையில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் தட்டி வளைவை மீட்பார். அதன்பின் எண்ணெயில் முக்கித் தோய்ச்சல் வைக்க வேண்டும். தோய்ச்சல் வைத்த எஃகு கண்ணாடிபோல் முறியக்கூடியதாகையால், அதை மறுபடி மெல்லச் சூடாக்குவார். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் முதலில் வைக்கோல் நிறமும், பிறகு செந்நிறமும், கடைசியில் நீலமும் ஓடும். அந்த நீலத்தில் நிறுத்துவதே வில்லுக்குரிய பதம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் உளிக்குரிய விறைப்பு வரும், முதல் பள்ளத்திலேயே பட்டை உடையும். சூட்டை அளக்கும் கருவி இல்லாத உலையில், நிறம் பார்த்துச் செய்த கணிப்பு இது.

வில்வண்டி வசதியைப் போலவே அந்தஸ்தையும் காட்டியது. வில்வண்டியில் யார் ஏறலாம், எந்தத் தெருவில் ஓட்டலாம் என்பதைச் சாதி வரையறுத்த காலத்தில், திருவிதாங்கூரில் அய்யங்காளி 1893இல் ஒரு வில்வண்டியை வாங்கி, ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்பட்ட பொதுவழியில் அதை ஓட்டிச் சென்றது எதிர்ப்பையும் அடிதடியையும் சந்தித்த ஒரு போராட்டமாயிற்று. தமிழகத்துக் கிராமங்களிலும் வில்வண்டி மிராசுதாரர் வீட்டு அடையாளமாகவே நெடுங்காலம் நின்றது. ரப்பர் டயர் மாட்டிய டயர் வண்டி பின்னாளில் பரவியபோது, அடைத்த காற்றே வில்லின் வேலையில் ஒரு பங்கைச் செய்ததால், பாரவண்டிக்கும் அந்த மென்மை கிடைத்தது.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படைக்கென 1941 முதல் பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப், தொழில்நுட்ப அளவில் வில்வண்டியின் நெருங்கிய உறவு: நேரச்சு, நான்கு மூலையிலும் பட்டை வில். 1940களின் பிற்பகுதியில் மகேந்திரா நிறுவனம் அதை இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2இல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டமும், சென்னை மாநிலத்தின் 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தின்கீழ் அமைந்த ஊராட்சி ஒன்றியங்களும் அரசு ஜீப்பைக் கிராமத்து மண்சாலைக்குக் கொண்டுவந்தன. ஏரிக்கரையும் பாலாற்று மணலும் அதற்குப் பழுது தந்தபோது, அந்தப் பழுதின் பெரும்பகுதி உலைக்கும் சம்மட்டிக்கும் முன்பே பழக்கமானது.

ஜீப்போடு, அதன் வில்லை உரிமையாளரே மாற்றியமைக்கும் வழக்கமும் வந்தது. பாரம் மிகுந்தால் கூடுதல் பட்டை ஒன்றைச் செருகுவது எளிய வழி. ஆனால் அப்போது வெறும் வண்டி துள்ளும், அமுங்க வேண்டிய வில் அமுங்காமல் அதிர்வு சட்டத்துக்குப் போய், ஷாக்கிள் எனப்படும் தொங்கு இணைப்பின் அருகே விரிசல் தொடங்கும். சொகுசு வேண்டிப் பட்டையைக் கழற்றுவோர் வளைவில் வண்டி சாய்வதைக் காண்பர். மேட்டில் அடிப்பாகம் தட்டாமலிருக்க நீண்ட ஷாக்கிள் மாட்டி உயர்த்தினால் முன்சக்கரங்களின் சாய்வுக் கோணம் மாறி, நேர்ச்சாலையிலேயே ஸ்டீயரிங் அலையத் தொடங்கும். தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், பழைய பட்டறைகளின் தாராளமான கைவண்ணத்துக்கு இன்று சட்டப்படி இடம் குறைவு. முறிந்து கழிக்கப்பட்ட லாரி, ஜீப் பட்டைகளையோ கிராமத்துக் கொல்லர்கள் எடைக்கு வாங்கி, காய்ச்சி, தட்டி, வைக்கோல் நிறத்திலேயே பதத்தை நிறுத்தி, அரிவாளாகவும் கத்தியாகவும் விற்கின்றனர்.