படம் எடுத்தது யாரு?

இந்த எபிசோடுல ஒரு சின்ன விசாரணை. கொலை, கொள்ளை எதுவும் இல்லை. ஒரு ஆளுக்குச் சேரவேண்டிய பேரு ஐம்பது வருஷமா வேற ஆளுக்குப் போயிட்டிருந்துச்சு, அதுதான் வழக்கு.

நான் கோட்டாறுப் பொண்ணு. நாகர்கோவில் ஜங்ஷன் ஸ்டேஷன்ல இறங்குனீங்கன்னா, நீங்க நிக்கறது கோட்டாறுல. ரொம்பப் பழைய வியாபார ஊர். 2-ஆம் நூற்றாண்டுல தாலமி எழுதி வச்ச 'கோட்டியாரா' இதுதான்னு வரலாற்று ஆசிரியர்கள் சொல்றாங்க. தாத்தாவுக்கு இங்க கம்போளத்துல கடை. காலையில போனா ராத்திரிதான் வீட்டுக்கு வருவார். மத்தியானச் சாப்பாடுகூடக் கடைக்குத்தான் போகும். இதைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க.

தாத்தா ஒரு கேமரா வாங்கினார். ஆக்ஃபா க்ளிக் த்ரீ. டிசைன் ஜெர்மனிக்காரங்களோடது, செஞ்சது பரோடாவுல, நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ்ங்கற கம்பெனி. அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துல முதல் கேமரான்னா பெரும்பாலும் இதுதான். கறுப்பு டப்பா, ஒரே லென்ஸ், வெயிலுக்கு ஒரு குறி, மேகத்துக்கு ஒரு குறி. ஃபோகஸ் பண்ற வேலையே கிடையாது. பத்தடி தள்ளி நின்னு அமுக்கணும், கிட்டப் போனா மங்கிடும். ஒரு ஃபிலிம் ரோலுக்கு 12 படம், எல்லாம் சதுரம்.

சாதாரண ஆளும் படம் எடுக்கலாம்ங்கற யோசனை ரொம்ப முன்னாடியே வந்தாச்சு. ஈஸ்ட்மேன் 1888-ல கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார், 1900-ல ஒரு டாலருக்கு பிரௌனி வந்துச்சு. நம்ம வீடுகளுக்கு அது வந்துசேர இன்னும் அறுபது எழுபது வருஷம் ஆச்சு. அப்பவும் ஃபிலிம் கிடைக்கறது சுலபமில்லை. ஊட்டியில ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல தொடங்கி 1967-லதான் உற்பத்திக்கு வந்துச்சு. அவங்க 'இந்து' ஃபிலிமோட காலி டப்பா ஒண்ணு எங்க வீட்டுல இப்பவும் இருக்கு. ஆச்சி அதுல ஊசி நூல் போட்டு வச்சிருக்காங்க.

அதுக்கு முன்னாடி படம்னா ஸ்டூடியோதான். தீட்டின திரை, கை வச்ச நாற்காலி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற குடும்பம். இந்த மாதிரிப் படங்களை பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட சேகரிச்சு டிஜிட்டல் ஆக்கியிருக்கு. நல்ல வேலை. ஆனா ஸ்டூடியோவுக்குள்ள அடுக்களை வராது, கிணத்தடி வராது, கிடுகு முடையற அக்கா வரமாட்டாங்க. அவங்கள்லாம் க்ளிக் த்ரீக்குத்தான் கிடைச்சாங்க.

சரி, வழக்குக்கு வருவோம்.

போன வருஷம் எல்லா நெகட்டிவையும் ஸ்கேன் பண்ணினேன். காரணம், பாதி பூஞ்சை பிடிச்சுப் போச்சு. எங்க ஊர் மழை அப்படி, வருஷத்துக்கு ரெண்டு பருவமும் உண்டு. இன்னொரு காரணம், ஆச்சி என்னை அடிக்கடி மாமா பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. படத்துல இருக்கறவங்க யார் யார்னு சொல்ல வேற ஆள் இல்லை.

அதுல ஒரு படம் கன்னியாகுமரிக் கடற்கரை. தாத்தா நிக்கறார், கையில எங்க அம்மா, பக்கத்துல மாமா. எந்த வருஷம்? கன்னியாகுமரிப் படத்துல ஒரு வசதி, பின்னாடி இருக்கற கடலே காலண்டர். பாறையில மண்டபம் இருந்தா அது 1970-க்குப் பிறகு. திருவள்ளுவர் சிலை இல்லைன்னா 2000-க்கு முன்னாடி. ரெண்டு பாறைக்கும் நடுவுல கண்ணாடிப் பாலம் தெரிஞ்சா, 2024 டிசம்பர் கடைசியில திறந்த பிறகு. எங்க படத்துல மண்டபம் இருக்கு, சிலை இல்லை. அம்மா பிறந்தது 1971, கைக்குழந்தையைத் தாண்டின வயசு. அப்ப 1973 வாக்குல இருக்கும்.

ஆனா தாத்தா படத்துக்குள்ள இருக்கார். எங்க வீட்டுல எல்லாப் படமும் 'தாத்தா எடுத்தது'. அப்ப இதை எடுத்தது யாரு? "வழியில போன யாராவது எடுத்திருப்பாங்க"ன்னு அம்மா சொன்னாங்க. நானும் விட்டுட்டேன்.

ஸ்கேன்ல பெருசாக்கிப் பார்க்கும்போதுதான் கீழ ஒரு நிழலைக் கவனிச்சேன். அந்தக் காலத்து விதி, வெயில் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும். அதனாலதான் பழைய படங்கள்ல எல்லாரும் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிக்கறாங்க, எடுக்கறவரோட நிழலும் உள்ள வந்து விழுது. பாறை கிழக்கே இருக்கு, அதனால இது சாயங்காலம். நீளமான நிழல். ரெண்டு முழங்கையும் தூக்கியிருக்கு, கேமராவைக் கண்ணுகிட்ட வச்சிருக்காங்க. ஒரு பக்கம் காத்துல முந்தானை பறக்குது.

போனைக் கொண்டுபோய் ஆச்சிகிட்டக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "நாந்தான் எடுத்தேன் மக்களே, பின்ன யாரு?"ன்னாங்க.

ஏன் ஆச்சி சொல்லவே இல்லை?

"யாரு கேட்டா?"

அதுக்கப்புறம் நான் பெட்டியை முழுசா மறுபடி பார்த்தேன். இந்த நெகட்டிவ் பட்டையிலேயே அடுத்த படம் எங்க வீட்டுப் புறவாசல். கிணறு, உச்சி வெயில், நிழல் காலடியில சுருங்கிக் கிடக்கு. அதாவது மத்தியானம். கடை திறந்திருக்கற நேரம். தாத்தா அப்ப கம்போளத்துல இருப்பார். இப்படி உச்சிவெயில் படங்களை மட்டும் தனியா எடுத்து வச்சேன். படிப்புரையில தூங்கற மாமா, மாவு இடிக்கற ரெண்டு பேரு, கிடுகு முடையறவங்க சிரிக்கற படம். பதினேழு வந்துச்சு. தாத்தா எடுத்ததுன்னு உறுதியாத் தெரியறது சுசீந்திரம் தேர், பத்மநாபபுரம் அரண்மனை வாசல், சவேரியார் கோயில் திருவிழா. எல்லாமே கடை லீவு நாள். அழகான படங்கள்தான், குறை சொல்லலை. ஆனா சொந்தக்காரங்க வந்தா ஆல்பத்துல "ஆகா"ன்னு சொல்றது அந்தப் பதினேழுக்குத்தான்.

பதினேழும் ஆச்சி எடுத்ததுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம்னு ஒண்ணு இருக்கே. ஆச்சியே அஞ்சாறுக்குத்தான் தலையாட்டினாங்க. ரெண்டுக்கு "அவாள் எடுத்தது"ன்னு தெளிவாச் சொன்னாங்க. மீதிக்கு ஒண்ணும் சொல்லலை.

இப்ப என்ன பண்றோம்னா, சாயங்காலம் நாலு மணிக்கு, ஆச்சி தெளிவா இருக்கற நேரத்துல, தார்சாவுல உக்காந்து ஒரு நாளைக்கு மூணு படம். அதுக்கு மேல கேட்டா களைச்சுப் போறாங்க. நான் போன்ல ரெக்கார்டு பண்ணிட்டு, பிரிண்ட் பின்னாடி பென்சில்ல எழுதறேன். நீங்களும் எழுதப் போறீங்கன்னா பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துரும். 80-கள்ல எடுத்த கலர் பிரிண்ட் இருந்தா அதை முதல்ல ஸ்கேன் பண்ணுங்க. கறுப்பு வெள்ளையில இருக்கறது வெள்ளி, தாங்கும். கலர்ல இருக்கறது சாயம், எங்க வீட்டுது எல்லாம் ஏற்கெனவே சிவந்துபோச்சு.

நேத்து மாவு இடிக்கற படம். ஒருத்தர் பேரு உடனே வந்துருச்சு, ஊரும் சொன்னாங்க. இன்னொருத்தர் முகத்தை ரொம்ப நேரம் விரலால தடவிக்கிட்டே இருந்தாங்க. பேரு வரலை. "நாளைக்குச் சொல்லுதேன்"னாங்க. அந்தப் படத்தைத் தனியா எடுத்து வச்சிருக்கேன்.