நிலாவை வைத்துப் போட்ட கணக்கு

நாகபுரிக்கு மாற்றலாகி வரும்போது பெட்டியோடு கொண்டுவந்தது ஆச்சியின் கறுப்பு வெள்ளைப் படம். ஆச்சிக்கு இருப்பது அது ஒன்றுதான். நெகட்டிவ் எப்போதோ தொலைந்துவிட்டது. சுண்ணாம்புச் சுவர் முன்னால் வெள்ளைச் சேலையில் நிற்கிறாள். சேலையும் சுவரும் பளீர்; முகம் இருட்டு.

"எங்கம்மா முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கிக் குடுய்யா" என்றார் அம்மா போனில்.

ஸ்கேன் செய்து, மொத்தப் படத்துக்கும் வெளிச்சத்தைக் கூட்டினேன். முகம் சாம்பல் பூத்தது. சேலை சுவரோடு கரைந்தே போனது. இங்கே வரவு வைத்தால் அங்கே பற்று. நம்ம தொழில்தான்!

அப்போதுதான் ஆன்சல் ஆடம்ஸ் ஞாபகம் வந்தது. 1941 நவம்பர் 1. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர். கல்லறைச் சிலுவைகள் மேல் மாலை வெயில், வானத்தில் நிலா. அவசரத்தில் ஒளிமானி அகப்படவில்லை. ஆனால் நிலாவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு ஒரு படம் எடுத்தார். அடுத்ததற்குத் தயாராவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் போய்விட்டது.

அந்தக் கணக்கின் பெயர் ஜோன் சிஸ்டம். 1940 வாக்கில் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து உருவாக்கியது. கரி இருட்டு 0, காகித வெள்ளை 10, ஆக 11 படிகள். எது எந்தப் படியில் விழவேண்டும் என்பதைப் படம் எடுக்குமுன்பே முடிவு செய்வது. நிலாவை 7-ல் வைத்தார். நிலா தப்பியது, தரை மங்கிப்போனது. 1948-ல் நெகட்டிவ்வின் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ரசாயனத்தால் அழுத்தம் கூட்டினார். அச்சிடும்போதும் ஓரிடத்தில் ஒளியை மறைத்து, வேறிடத்தில் கூடுதலாகப் பாய்ச்சுவார். ஆரம்ப அச்சுகளில் வானத்தில் மேகம் தெரியும். பிற்கால அச்சுகளில் வானம் கிட்டத்தட்ட கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான்!

ஃபோட்டோஷாப்பில் இருக்கும் டாட்ஜ், பர்ன் எல்லாம் அந்த இருட்டறை வேலைதான். நீங்களும் வீட்டுப் பழைய படத்தை மொத்தமாக வெளுக்காதீர்கள். வேண்டிய இடத்தை மட்டும் தொடுங்கள்.

நானும் முகத்தை மட்டும் மெல்ல ஏற்றினேன். கன்னச் சுருக்கம் வந்தது. கண் வரவில்லை. அதை இன்றைய மென்பொருளே வரைந்து தரும். ஆனால் பதியாததை எழுதினால் அது பொய்க்கணக்கு; விட்டுவிட்டேன். காதோரம் மட்டும் ஏதோ மின்னியது.

அம்மாவுக்கு அனுப்பினேன். எனக்கு நினைவு தெரிந்து ஆச்சியின் காது வெறுமனேதான் தொங்கும்.

"பாம்படம்யா அது. அதை வித்துத்தான் என்னை டீச்சர் டிரெயினிங்ல சேத்தா" என்றார் அம்மா.