தரங்கம்பாடிக்கு ஒரு பகல்

கடலோரச் சிற்றூர் ஒன்றை ஒரே பகலில் பார்த்துத் திரும்ப உத்தேசிக்கும் பிரயாணி, சாப்பாடு எங்கே, தங்குமிடம் உண்டா, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்பனவற்றை விசாரிக்கிறாரே யொழிய, ஊரை எந்த வரிசையில் பார்ப்பது என்று விசாரிப்பது அபூர்வம். பல ஊர்களுக்கு அந்தக் கேள்வி அவசியமில்லாமல் இருக்கலாம். தரங்கம்பாடிக்கு அது அவசியம். மாயூரத்திலிருந்தோ காரைக்காலிலிருந்தோ வருகிறவர் ஊரின் மேற்கு எல்லையில், 1792இல் கட்டிய நகர வாசல் வழியாக நுழைந்து, ஆலயங்களையும் கோட்டையையும் பார்த்துக்கொண்டே போய், கடைசியில் அலைக்கரையில் நிற்கிறார். இவ்வூரின் சரித்திரமோ கடற்கரையில் தொடங்கி நிலத்தை நோக்கி நடந்தது. ஆதலால் முதலில் எதையும் ஏறிட்டுப் பாராமல் நேரே கரைக்குப் போய்விட்டு, அங்கிருந்து மேற்கு முகமாகத் திரும்பி நடப்பதே முறை என்பது என் அபிப்பிராயம்.

கரையில் முதலில் காணவேண்டியது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்தக் கற்றளியின் முன்பகுதியைக் கடல் படிப்படியாக உட்கொண்டுவிட்டது. வெறும் மணல்மேட்டை ஐரோப்பியர் பட்டணமாக்கினார்கள் என்று எண்ணுவோர் இங்கே சற்று நின்று யோசிக்கவேண்டும். அவர்கள் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே, கல்லால் கோயில் எடுக்கத் தக்க செல்வாக்கு இவ்வூருக்கு இருந்தது.

டென்மார்க் தேசத்தார் தரங்கம்பாடியை நாடிப் புறப்பட்டவர்களும் அல்லர். கண்டி அரசரின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு வந்த போஷௌவர் என்ற டச்சுக்காரரின் வார்த்தையை நம்பி, நான்காம் கிறிஸ்டியன் மன்னர் 1618இல் ஓவே கெட்டே என்ற இளம் பிரபுவின் தலைமையில் இலங்கைக்குக் கப்பல்களை அனுப்பினார். போஷௌவரோ வழியிலேயே காலமானார். கண்டி அரசர் அவர் செய்த உடன்படிக்கையை ஏற்க மறுத்துவிட்டார். இதற்கிடையே முன்னதாக வந்திருந்த ரோலண்ட் கிராப்பே என்பவரின் கப்பலைக் காரைக்காலுக்கு அருகே போர்ச்சுக்கீசியர் மூழ்கடிக்க, உயிர் தப்பிய சிலருடன் கரையேறிய அவர் தஞ்சை இரகுநாத நாயக்கரின் சபையை அடைந்து, அவருடைய தயவைச் சம்பாதித்துக்கொண்டார். அதன் பலனாகவே 1620 நவம்பரில் தஞ்சையில் ஒப்பந்தம் நிறைவேறிற்று. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொற்றகட்டில் எழுதியனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அவ்வொப்பந்தத்தின்படி எழுந்ததுதான் கடலைப் பார்த்து நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டை. கீழே கிடங்குகளும் சிறையும், மேலே தளபதியின் வாசஸ்தலமும் அமைந்த அதன் அமைப்பே, மிளகும் பருத்தித் துணியும் ஏற்றுமதி செய்ய வந்த வியாபாரிகளின் உத்தேசத்தைச் சொல்லிவிடும். ஆனால் அந்த வியாபாரம் செழிக்கவில்லை. 1639இல் டென்மார்க்கிலிருந்து புறப்பட்ட கப்பலுக்குப் பிறகு, 1669 வரை தாய்நாட்டிலிருந்து வேறொரு கப்பல் இத்துறைக்கு வந்து சேரவில்லை. நடுவில் 1650இல் அவ்வியாபாரத்தை நடத்திய டேனிஷ் கம்பெனியே கலைக்கப்பட்டுவிட்டது. இருந்தவர்கள் இறந்தும் விலகியும் போக, 1655 முதல் எஸ்கில்ட் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்க என்ற சாமானியர் ஒருவர், உள்ளூர் ஆட்களைத் துணைக்கொண்டு, கோட்டையை யாருக்கும் விட்டுக்கொடாமல் காத்து, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். செலவுக்கு வேண்டிய பணம் வங்காளக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையிட்டதால் கிடைத்தது என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

கோட்டையை விட்டுக் கிங் தெருவில் நுழைந்தால் வேறொரு சரித்திரம் தொடங்குகிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்க், புளுட்சாவ் என்ற இரு ஜெர்மானியப் பாதிரிமார்கள், டென்மார்க்கின் நான்காம் பிரடெரிக் மன்னரால் அனுப்பப்பட்டு இங்கே வந்திறங்கினார்கள். மன்னருக்கு இருந்த உற்சாகம் இங்கிருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கு இல்லை. 1708இல் சீகன்பால்க்கை அதே கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார்கள். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்ற அம்மனிதர், தமிழில் அச்சிடவும் துணிந்தார். தமிழில் முதல் அச்சு இங்கேதான் நடந்தது என்று சிலர் சொல்வது சரியன்று. 1578லேயே கொல்லத்தில் தமிழ் நூல் அச்சாகியிருந்தது. எனினும் அம்முயற்சி நெடுங்காலம் நின்றுபோயிருந்தது. தரங்கம்பாடிக்கு அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்தும், தமிழ் எழுத்துக்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலிருந்தும் வந்தன. ஹாலே எழுத்துக்கள் மிகப் பெரியவை. கொஞ்ச வாசகத்துக்கே தாள் தாளாகச் செலவழிந்தது. தாளோ ஐரோப்பாவிலிருந்து வரவேண்டிய அரும்பண்டம். ஆகவே சீமையிலிருந்து வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கி, அளவிற் சிறிய எழுத்துக்களை ஊரிலேயே வார்த்துக்கொண்டார்கள் என்பர். அடுத்துள்ள பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். புதிய ஏற்பாடு 1715இல் முற்றுப்பெற்றது. 1718இல் பிரதிஷ்டையான புதிய எருசலேம் ஆலயத்திலேயே, மறு ஆண்டு முப்பத்தாறாம் வயதில் மறைந்த சீகன்பால்க்கை அடக்கம் செய்தார்கள்.

அதன் பின் ஊர் வளர்ந்ததும் தளர்ந்ததும் சுருக்கமாகச் சொல்லத் தக்கவை. 1845இல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சீராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டது. வாங்கியவர்களுக்கு இத்துறை தேவைப்படவில்லை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் எஞ்சிய வர்த்தகமும் அங்கே போயிற்று. பின்னர் மாயூரத்திலிருந்து வந்த கிளை ரயிலும் 1986இல் நிறுத்தப்பட்டது. வியாபாரம் பெருகியிருந்தால் பழைய வீடுகளை இடித்துக் கிடங்கு கட்டியிருப்பார்கள். கேட்பாரற்றுப் போனமையால் தெருக்கள் போட்டது போட்டபடி தங்கின. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையில் பெருஞ்சேதம் விளைத்தது. கோட்டையும் பழைய மாளிகைகள் சிலவும் செப்பனிடப்பட்டு நிற்கின்றன.

போகிறவர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தவிர்த்து, தை, மாசியில் போவது நலம். கோட்டையிலுள்ள காட்சிசாலைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் மனத்தில் வைக்கவேண்டும். வெயில் ஏறுமுன் கோயிலையும் கோட்டையையும் பார்த்து முடித்து, முற்பகலில் ஆலயத்துக்கு வந்து, உச்சிவேளைக்குள் வாசலை அடைந்துவிட்டால், பிற்பகல் திருக்கடையூர்த் தரிசனத்துக்கு மிச்சமாகும். ஆனால் கோட்டைக்கே முழுப்பொழுதையும் கொடுத்துவிட்டு ஆலயத்தை எட்டிப் பார்த்து வருவோர் பொழுதைத் தவறாகப் பங்கிட்டவராவர். பணம் போட்டவர்கள் எதிர்பார்த்த மிளகு வியாபாரம் நஷ்டக் கணக்காய் முடிந்தது; அவர்கள் விரும்பாமல் சிறையிலிட்ட மனிதர் தொடங்கிவைத்த காரியம்தான், தாளும் எழுத்துமாகத் தமிழ்நாடெங்கும் பரவிற்று.